பனிவேட்டு

எங்கள் ஊரில் மூடுபனி விழுந்து பார்த்த ஆள் ஒருவரும் இல்லை. மார்கழி விடிகாலையில் கொஞ்சம் குளிரும், காதில் துண்டைச் சுற்றிக்கொள்வோம், பால் வண்டி வருவதற்குள் வெயில் வந்துவிடும். உசிலம்பட்டிக்குக் கிழக்கே கிடக்கிற ஒத்தப்புளிப்பட்டிக்கு மழை வருவதே பெரிய பாடு, இதில் பனிக்கு எங்கே போவது? ஆனாலும் பனிவேட்டு என்று ஒரு சொல் எங்கள் ஊரில் உண்டு. அது ரயில்வேக்காரர்கள் கொண்டுவந்த சொல்.

காகிதத்தில் அதன் பெயர் பாக் சிக்னல். பாக் என்றால் மூடுபனியாம். ரயிலை முதலில் ஓட்டிய குளிர்நாட்டில் பனி மூடிக்கொண்டால் டிரைவருக்குக் கைகாட்டி மரமும் தெரியாது, கொடியும் தெரியாது. கண்ணுக்குச் சொல்ல முடியாததைக் காதுக்குச் சொல்வோம் என்று எவனோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறான். உள்ளங்கை அகலத்தில் ஒரு தகர வில்லை, உள்ளே மருந்து, தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ள இரண்டு பக்கமும் ஈயப் பட்டை. சக்கரம் ஏறினால் வெடிக்கும். வெடித்தால் டிரைவர் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும், கேள்வியே கிடையாது. பெயர் குளிர்நாட்டிலிருந்து கப்பல் ஏறி வந்துவிட்டது, பனி வரவில்லை. இங்கே தண்டவாளம் விரிசல் விட்டுப்போனாலோ வெள்ளம் கரையை அரித்தாலோ வண்டியை நிறுத்த அதையே வைத்துக்கொண்டார்கள். லைனைப் பராமரிக்கும் கேங் ஆட்கள் பாக் சிக்னல் என்று சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்ளாமல் பனிவேட்டு என்று பெயர் போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது எதிர்வீட்டு மலைச்சாமி. வாலிபத்தில் கேங்மேனாகச் சேர்ந்து, மீட்டர்கேஜ் வண்டி நின்ற வருஷம் ரிட்டயர் ஆனவர். தினமும் சுத்தியலும் கொடியும் காக்கிப் பையுமாக லைன் மேலேயே நடப்பார். அந்தப் பையில் பனிவேட்டு டப்பா எப்போதும் இருக்கும். வேலைக் காலம் முழுக்கச் சுமந்தார், ஒன்றைக்கூட வெடிக்க வைக்க நேரவில்லை. அதை அவர் டீக்கடையில் அடிக்கடி சொல்வார்.

லைன் பெரிய லைனாகி மறுபடி வண்டி ஓட ஆரம்பித்தபோது அதே கேங்குக்கு அவருடைய மருமகள் பாண்டிமீனா வந்தாள். யார் சிபாரிசும் இல்லை. இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படித்துப் பரீட்சை எழுதினாள், மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காட்டினாள், வேலை வாங்கினாள். பொம்பளைக்கு எதற்கு இந்தக் கல்லுடைக்கிற வேலை என்று ஊரில் பேசினார்கள். பேசியவர்களில் நானும் ஒருவன்தான், இப்போது அதை எடுத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது. கொதிக்கிற ஜல்லியில் விடிகாலையிலிருந்து நடந்து, தண்டவாளத்தைக் கவ்வியிருக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கழன்றதை அடித்து ஏற்றிவிட்டு, மத்தியானம் முகம் கறுத்து வந்து சோற்றில் உட்காருவாள். அவள் புருஷன் முத்துக்கருப்பன் செக்கானூரணியில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான், ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் நிற்கும். வீடு நின்றது அவள் சம்பளத்தில். இது ஊருக்கே தெரியும்.

மலைச்சாமி ஐப்பசி மாதம் செத்துப்போனார். நல்ல சாவு. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்ட நேரம், இரவே சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டதால் காலையிலேயே எடுத்துவிடலாம் என்று பெரியாட்கள் முடிவு செய்தார்கள்.

எங்கள் சுடுகாடு லைனுக்கு அந்தப் பக்கம். முன்னே கேட் இருந்தது. பெரிய லைன் போட்டபோது கேட்டை எடுத்துவிட்டு அடியில் சுரங்கப்பாதை வெட்டினார்கள். வெட்டினவர்கள் நன்றாக இருக்கட்டும், ஒரு மழைக்கு இடுப்பளவு தண்ணீர் அதில் நிற்கும். அன்றைக்கும் நின்றது. அதனால் பாடையை லைன் மேலேயே தாண்டித் தூக்கிப் போவது என்று ஆயிற்று. போடி பாசஞ்சர் வருகிற நேரம். கேங் மேஸ்திரி பீமாராவ் துக்கத்துக்கு வந்திருந்தார். அவர்தான் கையை நீட்டி மறித்தார்.

"யாரும் லைன்ல ஏறக்கூடாது. வண்டி போகட்டும், நானே தாண்ட விடுறேன். மலைச்சாமி அண்ணே இருந்தா இதத்தான் சொல்லுவாரு."

பாடையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கொட்டுக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். மலைச்சாமியின் இளைய மகன் பாண்டிராஜ் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய் லைன் ஓரமாகக் குனிந்துகொண்டிருந்தான். போலீஸ் எழுத்துப் பரீட்சை பாஸாகி ஓட்டப் பரீட்சைக்குக் காத்திருக்கிற பையன். அழுகையை மறைக்கப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். வண்டி வந்தது.

மூன்று தடவை வெடித்தது. எங்கள் ஊரில் சாவுக்கு வேட்டுப் போடுவது வழக்கம், அந்தச் சத்தமெல்லாம் எங்களுக்குப் பழகியது. இது வேறு சத்தம், காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது. என்ஜின் கடந்துபோய்ப் பிரேக் கிறீச்சிட்டு, பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டி, வண்டி நின்றது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். நடுவில் பாடையில் மலைச்சாமி மாலையோடு கிடந்தார்.

"எங்கய்யாவுக்கு ரயிலே வேட்டுப் போட்ருச்சு" என்றான் பாண்டிராஜ். அழுதுகொண்டே சிரித்தான். கையில் மருந்து வாடை.

பீமாராவ் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "எலே, பனிவேட்டையா வச்ச? எங்கடா எடுத்த?"

"மதினி பையில. அவர் எப்பவும் சொல்லுவார்ல அண்ணே, அம்புட்டு வருசமாச் சொமந்தேன், ஒரு நாளு சத்தம் கேட்டதில்லன்னு. போறப்பவாச்சும் கேக்கட்டுமேன்னு... வண்டி நிக்கும்னு எனக்குத் தெரியாதுண்ணே, சத்தியமாத் தெரியாது. சத்தந்தான் வரும்னு நெனச்சேன்."

"கூறுகெட்ட பயலே, நிக்கிறதுக்குத்தான்டா அந்தச் சத்தமே!"

பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிடுவது எங்கள் வழக்கம். சுடுகாட்டுப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டார்கள். பாண்டிமீனாவும் அங்கேதான் மாமியார் ராக்கம்மாளைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். சத்தம் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மாமியாரை என் பெண்டாட்டி தங்கப்பொண்ணு தோளில் சாய்த்துவிட்டு, ஈரச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லைனுக்கு ஓடிவந்தாள். பெரியாட்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவள் எவரையும் பார்க்கவில்லை. பாண்டிராஜின் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தாள், என்ஜினுக்குப் போனாள். நானும் பீமாராவும் பின்னாலேயே போனோம்.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். நரைத்த மீசை, முகம் வெளிறியிருந்தது.

"யாரு வச்சது? லைன்ல என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணுமில்ல சார். நான் இந்த செக்‌ஷன் கேங்குதான். துஷ்டி வீட்டுக் கூட்டம் லைனத் தாண்டப் போச்சு. நாந்தான் வச்சேன்."

"நீயா வச்ச?" டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "செகப்புக் கொடி எங்க? ஆளுக நிக்கிற எடத்துலயே வேட்ட வச்சா நான் எங்கம்மா நிறுத்துறது? அவுக மேல ஏத்திட்டுப் போயில்ல நிறுத்துவேன்? தூரமா வைக்கணும்னு ஒனக்குச் சொல்லிக் குடுக்கலயா?"

பாண்டிமீனா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த லைனில் எந்தக் கொக்கி எப்போது மாற்றியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள் அவள். வேலை தெரியாதவள்போல் நின்று அந்த ஏச்சை வாங்கிக்கொண்டாள்.

வண்டி போனது. மலைச்சாமியைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தோம்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. தங்கப்பொண்ணு எங்கள் வீட்டில் சோறு வடித்து, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, நான் குண்டாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பீமாராவும் அங்கே இருந்தார். மழை ஓட்டில் பெய்துகொண்டிருந்தது. ராக்கம்மாள் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பெரியவர்கள் யாரும் சோற்றைத் தொடவில்லை.

"நம்ம லைன் என்ஜினியரு போன் பண்ணிட்டாரு" என்றார் பீமாராவ். "டிரைவரு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஒன்னய உசிலம்பட்டி ஆபீஸுக்கு வரச் சொல்றாக. எம்மா பாண்டிமீனா, எனக்கு ஒண்ணு வெளங்கல. இப்பிடி வச்சேன்னு ஒத்துக்கிட்டா என்ன எழுதுவாக தெரியுமா? வேல தெரியாத ஆளு, பாதுகாப்புக்கு ஆகாதுன்னு எழுதுவாக. அப்பறம் லைன் பக்கமே ஒன்னய விடமாட்டாக. வேலையே போனாலும் போச்சு."

"வேற என்னண்ணே சொல்லச் சொல்றீக? கொழுந்தன் வச்சான்னா? ரயில நிறுத்துனா கேஸு. கேஸுன்னா போலீஸ் வேல அவனுக்கு இந்த ஜென்மத்துல கெடைக்காது."

முத்துக்கருப்பன் தம்பியைப் பார்க்காமலேயே பேசினான். "எதுக்குடா அவ பைய நோண்டுன? வேட்டுத்தான வேணும், கடையில வாங்கிப் போட வேண்டியதுதான? ஒரு சரமென்ன, பத்துச் சரம் போடுறது?"

"கட வேட்டு எல்லாச் சாவுக்குந்தான் போடுறாக" என்றான் பாண்டிராஜ்.

"ஆமா, இவரு பெரிய கலெக்டரு. தனி வேட்டு வைக்க வந்துட்டாரு!" முத்துக்கருப்பன் என் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு மாப்ள. நான் யாரப் பாக்கிறது? இவன் தம்பி. அவ பொண்டாட்டி."

நான் சோற்றைப் பிசைந்து பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் போயிச் சொல்லிர்றேன் மதினி" என்றான் பாண்டிராஜ்.

"பேசாம இரு. ஓடி ஓடி முட்டி தேஞ்சு போயி இப்பத்தான் ஒனக்கு ஒரு வழி பொறந்திருக்கு. எனக்குத் திட்டு விழும், அம்புட்டுத்தான். வாங்கிக்கிறேன். போயிச் சாப்புடு."

"திட்டோட போகாதும்மா" என்றார் பீமாராவ். "நான் சொல்றது ஏறவே மாட்டேங்குது ஒனக்கு. நாளைக்கே நெசமா தண்டவாளம் விட்டுப் போயிருச்சுன்னு நீ வேட்டு வைக்கிற. 'ஓ, அந்தப் பொம்பளையா, அவளுக்கு வைக்கவே தெரியாதே'ன்னு ஒருத்தன் நெனச்சாப் போதும். பனிவேட்டுக்கு வாயி கெடையாது. வச்சவ மேல நம்பிக்க இருக்கணும்."

பாண்டிமீனாவின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மூலையில் ராக்கம்மாள் புரண்டு படுத்தாள். தூங்குகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

மறுநாள் ஆண்கள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்ததும் பாண்டிமீனா உசிலம்பட்டிக்குக் கிளம்பினாள். என் ஆட்டோவில்தான். அவளும் பீமாராவும் ஏறினார்கள். வழி நெடுக வயலில் தண்ணீர் நின்றது, நாற்றங்காலில் ஆட்கள் குனிந்திருந்தார்கள். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது, "அண்ணே, நான் என்ன சொன்னாலும் நீங்க குறுக்க பேசக்கூடாது" என்று பீமாராவிடம் சொன்னாள்.

என்ஜினியர் திருநகர்க்காரர், நடுத்தர வயது, சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கதவு திறந்தே கிடந்ததால் நான் வராந்தாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

"மாமனார் தவறுனதுக்கு மொதல்ல என் வருத்தத்தச் சொல்லிக்கிறேன்மா. இப்ப சொல்லுங்க. இது நீங்க வச்சதுதானா?"

"ஆமா சார்."

"கூட்டத்துக்குப் பக்கத்துலயேவா?"

"ஆமா சார்."

"கொடி இல்லாம?"

"பதட்டத்துல... எடுக்கல சார்."

என்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒங்கள நான் மூணு வருஷமாப் பாக்கிறேன். நீங்க இப்பிடி வச்சிருப்பீங்கன்னு என்னால நம்ப முடியல. ஆனா நீங்க சொல்றதத்தான் நான் எழுத முடியும். எழுதிட்டா ஒங்கள லைன்ல வச்சிருக்க முடியாது. மேல அனுப்புவேன், அவங்க முடிவு. வேலை நிக்குமான்னு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பீமாராவ் தொண்டையைச் செருமுவது கேட்டது.

அப்போதுதான் வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. முத்துக்கருப்பன் ஓட்டிவந்திருந்தான். பக்கத்தில் ராக்கம்மாள், பின்னால் பாண்டிராஜ். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் பதினாறாம் நாள் கழியாமல் வாசல்படி தாண்டக்கூடாது. எங்கள் ஊரில் எவளும் தாண்டியதில்லை. தலையில் முக்காடு, நடக்க முடியாமல் இளைய மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். யார் யாரைப் பிடித்து வந்தார்கள் என்று சொல்ல முடியாது, அவன் கையை அவள் அப்படி இறுக்கியிருந்தாள்.

"என்னத்தே இது?" என்று பாண்டிமீனா பதறி எழுந்தாள். "இந்த நேரத்துல வெளிய வரலாமா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா வந்து ஒனக்குச் சம்பளம் குடுக்கப் போகுது? நீ உக்காரு." என்ஜினியரைக் கும்பிட்டாள். "அய்யா, நான் மலைச்சாமி சம்சாரம். அந்த வேட்ட வச்சது இவ இல்ல. இந்தா நிக்கிறான், எம் மகன். அவுக அப்பாவுக்கு மரியாதன்னு வச்சுப்புட்டான்."

"அத்தே..."

"நீ சும்மா இரு. எம்புட்டுப் பொய்யச் சொல்லுவ? அய்யா, இவுக அப்பா சாகுற வரைக்கும் சொல்லுவாக, நான் சொமந்த வேட்டு ஒரு நாளும் வெடிச்சதில்லன்னு. இந்தப் பய அத ஏக்கம்னு நெனச்சுட்டான். அது ஏக்கமில்லய்யா. எனக்குத் தெரியும், கூடப் படுத்து எந்திரிச்சவ நான். அவுக பெருமையாச் சொன்னாக. என் லைன்ல ஒரு நாளும் அதுக்கு வேல வரலன்னு பெருமையாச் சொன்னாக. அவுக நடந்த லைன்ல, வேட்டு வைக்கத் தெரியாதவ எம் மருமகள்னு ஒரு எழுத்து விழுந்தா, அவுக சாம்பலு ஆறாதுய்யா."

பாண்டிராஜ் முன்னால் வந்தான். "நாந்தான் சார். மதினிக்குத் தெரியாம எடுத்தேன். என்ன செய்யணுமோ செய்ங்க."

பாண்டிமீனா அழுதாள். செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. ராக்கம்மாள் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அந்த ஆபீஸ் நடுவில் நின்றாள்.

என்ஜினியர் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுத்தார்.

"பையப் பூட்டாம வச்சது ஒங்க தப்புதான்மா. அதுக்கு இந்த வருஷச் சம்பள உயர்வு நிக்கும். அத நான் எழுதித்தான் ஆகணும். மத்தபடி நீங்க திங்கக்கெழம லைனுக்கு வரணும்." பாண்டிராஜைப் பார்த்தார். "தம்பி, ஒன் மேல கேஸு வரும். ஒன்னய நான் காப்பாத்த முடியாது."

"தெரியும் சார்" என்றான் அவன்.

கேஸ் வந்தது. கோர்ட்டில் ஒத்துக்கொண்டான், அபராதம் போட்டு விட்டுவிட்டார்கள். போலீஸ் வேலை போனது போனதுதான். நாலு நாள் திண்ணையில் குப்புறக் கிடந்தான். பிறகு அண்ணனோடு குட்டியானையில் மூட்டை ஏற்றப் போனான், இப்போதும் போகிறான். ராக்கம்மாள் படி தாண்டியதை ஊர் ஒரு மாதம் மென்றது. தங்கப்பொண்ணு குழாயடியில் நாலு பேரை வாங்கு வாங்கென்று வாங்கிய பிறகு அடங்கியது.

பதினாறு முடிந்த மறுவாரம் பாண்டிமீனாவுக்கு ஆபீஸில் புதுப் பனிவேட்டு கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த நான் அவர்கள் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மலைச்சாமியின் பழைய டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெளியே வைத்திருந்தார்கள். இனிமேல் காக்கிப் பைக்கு அதுதான் இடம், பெரிய பூட்டு ஒன்றும் வாங்கியாயிற்று.

"எங்க, நான் ஒரு தடவ பாக்கிறேன்" என்று ராக்கம்மாள் கேட்டாள். "அம்புட்டு வருசமும் இந்த வீட்டுலதான் இருந்துச்சு. ஒரு நாளும் என்னயத் தொட விட்டதில்ல அந்த மனுசன்."

பாண்டிமீனா டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். சிவப்பு வில்லை, புது ஈயப் பட்டை மின்னியது. ராக்கம்மாள் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்த்தே."

"இதுக்கா அம்புட்டுப் பெரிய வண்டி நிக்குது?"

"நிக்கணும்த்தே. நின்னாகணும்."

ராக்கம்மாள் அதைக் கையில் ஏந்தியபடி லைன் இருக்கிற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போடியிலிருந்து திரும்பும் பாசஞ்சர் தூரத்தில் ஊதிக்கொண்டு போனது.

"அவுககிட்டக் கெடந்த மாதிரியே ஒங்கிட்டயும் சத்தம் போடாமக் கெடக்கட்டும்த்தா" என்றாள். மருமகள் கையில் திருப்பிக் கொடுத்து, டப்பாவை மூடி, பெட்டியைப் பூட்டும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.